மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் மண்டையோட்டுக்குள் நுழையும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் தந்தையாருக்கு எட்டு மாதங்களுக்கு முன் வலது கீழ்த்தாடையில் வலி தொடங்கியது. பல்தான் காரணம் என்று இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். பிறகு அதே பக்கத் தாடையும் கன்னமும் மரத்துப்போயின. அடுத்து, ஒரு பொருள் இரண்டாகத் தெரியத் தொடங்கியது. சர்க்கரை நோயால் வந்த நரம்பு பலவீனம் என்றார்கள். மூளைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கண்ணுக்குப் பின்னால் ஏதோ வீக்கம் இருப்பதாகச் சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வலி குறைந்து, சில வாரங்களில் திரும்பியது. இப்போது மூக்கின் பின்புறத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்கிறார்கள். மூக்கில் அடைப்போ இரத்தமோ இல்லை, கழுத்தில் கட்டி இல்லை. அப்படியிருக்க மூக்கில் தொடங்கிய நோய் மூக்கைத் தொடாமல் தலைக்குள் போனது எப்படி, இது மூளைப் புற்றுநோயா, முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா என்று கேட்கிறீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில், இந்த நோயின் வழக்கத்துக்கு மாறான முகங்களைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூக்குத்தொண்டை என்பது மூக்குத் துவாரங்கள் பின்னால் போய் முடியும் இடத்தில், வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதியான மென்னண்ணத்துக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்துக்கு நேர் கீழே இருக்கும் சிறிய அறை. அதன் இரு பக்கச் சுவர்களிலும் காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாயின் வாய் திறந்திருக்கும். அந்த வாய்க்குப் பின்னால் ரோசன்முல்லர் குழி என்ற ஓர் ஒடுங்கிய பள்ளம் உண்டு. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகிறது. காற்று போகும் பாதையை விட்டு ஒதுங்கிய மூலை என்பதால், அங்கே வளரும் கட்டி மூக்கை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த மூலைக்கு நேர் மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தில், குருத்தெலும்பால் மூடப்பட்ட ஓர் இயற்கையான இடைவெளி இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அந்த இடைவெளியின் மீதாகத்தான் ஏறிப்போகிறது. ஆகவே நோய் தொடங்கும் இடத்துக்கும் மண்டையோட்டின் உட்புறத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். மூக்கின் முன்துவாரத்துக்கு வர வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு தூரம் வர வேண்டும். அருகில் உள்ள வழியில் நோய் போயிருக்கிறது என்பதே உங்கள் முதல் கேள்விக்கான நேரடியான விடை.

வழிகள் ஒன்றல்ல, பல. தமனியைத் தொட்டுக்கொண்டு மேலே ஏறினால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற இரத்தக்குழாய் அறைக்குள் நுழையும். நேர் பின்னால் எலும்பை அரித்துக்கொண்டு போனால் கிளைவஸ் என்ற சரிவான எலும்பும் அதற்கு அப்பால் மூளைத்தண்டும் இருக்கின்றன. நேர் மேலே போனால் ஸ்பீனாய்டு சைனஸ் என்ற காற்றறை, அதன் கூரையில் பிட்யூட்டரி சுரப்பி. பக்கவாட்டில் தப்பிச் செல்லும் வழிதான் உங்கள் தந்தையாருடையது. மூக்குத்தொண்டையைச் சுற்றி உறுதியான ஒரு சவ்வு வேலிபோல நிற்கிறது. யூஸ்டேஷியன் குழாயும் அண்ணத்தைத் தூக்கும் தசையும் புகுந்து வருவதற்காக அந்த வேலியில் ஒரு திறப்பு உண்டு. அந்தத் திறப்பு வழியாக வெளியேறும் புற்றுநோய், மூளையிலிருந்து நேராக வரும் நரம்புகளில் முகத்தின் உணர்ச்சிக்கு உரிய ஐந்தாம் மண்டை நரம்பின், கீழ்த்தாடைக்கு வரும் கிளையைச் சந்திக்கிறது. பிறகு அந்த நரம்பின் உறையைப் பற்றிக்கொண்டு, அது வெளிவரும் முட்டை வடிவத் துளை வழியாகவே மண்டையோட்டுக்குள் ஏறிவிடுகிறது. எலும்பை உடைக்காமல், திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே போகும் இந்தப் பரவலில், சாதாரண சி.டி. ஸ்கேனில் எலும்பு முழுமையாகவே தெரியலாம். சில சமயம் ஒரு பக்கத் துளை மறுபக்கத்தை விடச் சற்று அகலமாக இருப்பது மட்டுமே தடயமாக இருக்கும்.

இந்தத் தாடை வலியை முதன்முதலில் சரியாகப் படித்தவர் வில்பிரட் டிராட்டர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1911-இல் அவர் எழுதிய கட்டுரையில் மூன்று அறிகுறிகளைச் சேர்த்துச் சொன்னார்: ஒரு காதில் கேட்கும் திறன் குறைவது, அதே பக்கக் கீழ்த்தாடையில் நரம்பு வலி, அதே பக்க மென்னண்ணம் அசையாமல் இருப்பது. யூஸ்டேஷியன் குழாய், ஐந்தாம் நரம்பு, அண்ணத் தசை ஆகிய மூன்றும் அந்த ஒரே திறப்பின் அருகில் இருப்பதால் மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன. நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த மூன்றையும் தனித்தனி மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பதால், தாடை வலி பல் மருத்துவரிடமும் காதடைப்பு வேறொருவரிடமும் போய்ச் சேர்கின்றன. உங்கள் தந்தையாரின் வலக் காதில் கேட்கும் திறனைச் சோதித்தார்களா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரே காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, சளி மருந்துகளுக்கு வடியாமல் நின்றால், மூக்கின் பின்புறத்தைப் பார்க்காமல் அவர்களை அனுப்பக்கூடாது என்பது எங்கள் துறையின் பால பாடம்.

வலியை விட மரத்துப்போதல் முக்கியமான அறிகுறி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண முக நரம்பு வலியில் மின்னல் வெட்டியதுபோல வலி வந்து போகும். இடையில் முகத்தின் உணர்ச்சி இயல்பாக இருக்கும். கன்னத்தையும் தாடையையும் பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிறது என்று நோயாளி சொல்வார். தொட்டது தெரியவில்லை, அல்லது துணியின் மேல் தொட்டதுபோல இருக்கிறது என்று சொன்னால், நரம்பை ஏதோ ஒன்று அழுத்துகிறது அல்லது அரிக்கிறது என்று பொருள். ஒரு பஞ்சுத் துணுக்கும் இரண்டு நிமிடமும் போதும் இந்தச் சோதனைக்கு. சில மாதங்கள் கழிந்தால் அதே பக்க நெற்றிப்பொட்டு உள்வாங்கி, பற்களைக் கடிக்கச் சொல்லித் தொடும்போது மெல்லும் தசை திரளாததும் தெரியும்.

இனி கண்ணைப் பற்றி. கேவர்னஸ் சைனஸில் கண்ணை அசைக்கும் மூன்றாம், நான்காம் நரம்புகளும் ஐந்தாம் நரம்பின் கிளைகளும் வெளிச் சுவரில் பதிந்திருக்கின்றன. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு மட்டும் உள்ளே, கரோட்டிட் தமனியை ஒட்டிக் காப்பின்றி ஓடுகிறது. அதற்கு முன்பே கிளைவஸ் எலும்பின் முதுகில் நெடுந்தூரம் ஏறி வருவதும் அந்த நரம்புதான். கீழிருந்து வரும் நோய் எந்த வழியில் வந்தாலும் அதன் பாதையில் ஆறாம் நரம்பு இருப்பதால், இந்தப் புற்றுநோயில் மிக அடிக்கடி பாதிக்கப்படும் நரம்புகள் ஐந்தும் ஆறும்தான். என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநர், வலது பக்கம் பார்க்கும்போது சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிகிறது, ஆனால் கண்ணெதிரே அருகில் உள்ள தன் வண்டியின் அளவுமானிகள் ஒன்றாகத்தான் தெரிகின்றன என்றார். தூரத்தில் அதிகமாகவும் அருகில் குறைவாகவும், பக்கம் பக்கமாகவும் பிரியும் இரட்டைப் பார்வை ஆறாம் நரம்புக்கே உரியது. அவர் பல வாரங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டே இரவில் வண்டி ஓட்டியிருந்தார். கண்ணாடியின் எண்ணை இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

சர்க்கரை நோயால் ஆறாம் நரம்பு செயலிழப்பது உண்மையிலேயே உண்டு. அப்படிச் சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வகைப் பாதிப்பு பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு நரம்பைத்தான் தொடும். முகத்தை மரக்கச் செய்யாது. மூன்று மாதத்துக்குப் பின்னும் கண் திரும்பவில்லை என்றாலோ, இரண்டாவதாக ஒரு நரம்பு சேர்ந்துகொண்டாலோ, சர்க்கரை என்ற விளக்கத்தைக் கைவிட வேண்டும். உங்கள் தந்தையாருக்கு ஐந்தும் ஆறும் ஒன்றாகப் போயிருந்தன. அந்த இரண்டும் அருகருகே இருக்கும் இடம் எது என்று கேட்டிருந்தால் விடை அங்கேயே இருந்தது.

ஸ்டீராய்டு கொடுத்ததும் வலி குறைந்தது ஏன் என்ற குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. கேவர்னஸ் சைனஸில் காரணம் தெரியாத அழற்சி வந்து கண் வலியும் கண் அசைவின்மையும் உண்டாகும் டோலோசா-ஹண்ட் நோய்க்கு ஸ்டீராய்டுதான் மருந்து. மூன்று நாளில் வலி அடங்குவது அந்த நோயின் அடையாளமாகவே முன்பு கருதப்பட்டது. ஆனால் புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தையும் ஸ்டீராய்டு வற்றச் செய்யும், வலி குறையும், சில நேரம் கண் அசைவுகூடச் சற்று மேம்படும். கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்டீராய்டுக்கு அடங்கியது என்பதைக் கொண்டு புற்று இல்லை என்று முடிவு செய்வது இந்த நோயில் அடிக்கடி நேரும், நோயாளிக்குப் பல மாதங்களை இழக்கச் செய்யும் பிழை. டோலோசா-ஹண்ட் என்ற பெயர் மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு கடைசியில் வைக்க வேண்டிய பெயர்.

நம் நாட்டில் இன்னும் இரண்டு திசைதிருப்பல்கள் உண்டு. ஒன்று காசநோய்: கழுத்தில் நெறிகட்டியிருந்தால், ஊசி வைத்து எடுத்த மாதிரியில் தெளிவான விடை கிடைக்காத நிலையில் காசநோய் மருந்து தொடங்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூக்குத்தொண்டைப் புற்றின் கழுத்து நெறிக்கட்டில் காசநோயைப்போன்ற திசு மாற்றங்களும் சில சமயம் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இரண்டாவது, சர்க்கரை நோயாளிகளுக்குக் காதிலிருந்து தொடங்கி மண்டையோட்டின் அடித்தள எலும்புக்குப் பரவும் கிருமித் தொற்று. அதிலும் தலைவலி, காதடைப்பு, நரம்புச் செயலிழப்பு எல்லாம் இருக்கும். கிளைவஸ் எலும்பு படத்தில் ஒரேமாதிரி மாறியிருக்கும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவிய மாதங்களுக்குப் பிறகு, சர்க்கரை நோயாளியின் மண்டையோட்டு அடித்தளத்தில் எதைக் கண்டாலும் பூஞ்சை என்று எண்ணும் வழக்கமும் வந்துவிட்டது. படத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம். சதைத் துணுக்கு எடுப்பதே வழி, அதுவும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.

ஆழத்திலிருந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புற்று சிலருக்கு மேல்சவ்வின் கீழேயே ஊர்ந்து வளரும். எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில், ஈரப்பளபளப்புடன், புண்ணோ இரத்தக்கசிவோ இல்லாத சவ்வுதான் தெரியும். ஒரு பக்கப் பள்ளம் மறுபக்கத்தை விடச் சற்று நிரம்பியிருப்பது மட்டுமே வேறுபாடாக இருக்கும். மேலாக ஒரு துணுக்கு எடுத்தால் சாதாரண அழற்சி என்று அறிக்கை வரும். எம்.ஆர்.ஐ. படமும் நரம்புக் குறைபாடும் புற்றை நோக்கிக் கைகாட்டும்போது, ஒரு முறை இல்லை என்று வந்த அறிக்கையை நம்பி நிற்காமல், மயக்கத்தில் வைத்து ஆழமாக மறுபடியும் எடுக்க வேண்டும். எடுத்த துணுக்கில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயத்தைத் தேடும் சோதனை பெரிதும் உதவும். 1964-இல் கண்டறியப்பட்ட அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோரின் உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பதுதான். ஆயினும் இந்தப் புற்றுநோயின் பெரும்பான்மை வகையில் கட்டியின் உயிரணுக்களுக்குள்ளேயே அது இருக்கும்.

வழக்கத்துக்கு மாறான மற்ற வெளிப்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நரம்பும் நாக்கை அசைக்கும் பன்னிரண்டாம் நரம்பும் ஒன்றாகச் செயலிழந்தால் நோய் கிளைவஸ் எலும்பில் இருக்கிறது என்று பொருள். டென்மார்க்கின் கண் மருத்துவர் காட்ஃப்ரெட்சன் பெயரால் இது அழைக்கப்படுகிறது. நாக்கை நீட்டச் சொன்னால் அது நோயுள்ள பக்கமாகவே சாயும், அந்தப் பாதி சுருங்கி வரிவரியாக இருக்கும். மண்டையோட்டுக்கு வெளியே, தாடைக் கோணத்தின் பின்னால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நரம்புகள் ஒன்றாகப் பிடிபட்டால் குரல் கம்மி, விழுங்கும்போது புரையேறி, தோள் தூக்க முடியாமல் போகும். அதே இடத்தில் சிலருக்குத் திடீர் மயக்கம் மட்டுமே வந்து, இதயத்துக்கான சோதனைகள் எல்லாம் செய்தும் காரணம் தெரியாமல் இருந்திருக்கிறது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்கும் ஒன்பதாம் நரம்பின் கிளையைக் கட்டி சீண்டுவதுதான் காரணம். ஸ்பீனாய்டு வழியாக மேலேறியவர்களுக்குப் பார்வைக் குறைவும் ஹார்மோன் குறைபாடும் வந்து, பிட்யூட்டரிக் கட்டி என்றே அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பக்கவாட்டில் ஏறி மூளையின் நெற்றிப்பொட்டுப் பகுதியை அழுத்தும்போது வலிப்பு முதல் அறிகுறியாகலாம். மூளை உறையை ஒட்டிப் படர்ந்தால் படத்தில் மூளை உறையிலேயே தோன்றும் மெனிஞ்சியோமா என்ற கட்டி போலவே தோற்றமளிக்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஏழாம், எட்டாம் நரம்புகள், அதாவது முகத் தசைக்கும் செவிக்கும் உரியவை, நோய் எவ்வளவு பரவினாலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றான காதெலும்புக்குள் அவை புதைந்திருப்பதுதான் காரணம். அதனால்தான் முகம் கோணாமல், பேச்சு குழறாமல் இருக்கும் நோயாளியைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று குடும்பத்தாரும் மருத்துவரும் ஆறுதல் கொள்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: இது மூளைப் புற்றுநோயா? இல்லை. தலைக்குள் நுழைந்திருந்தாலும் இது மூக்குத்தொண்டையிலிருந்து தொடர்ச்சியாக நீண்டிருக்கும் ஒரே கட்டி. இரத்தத்தின் வழியாக மூளைக்குள் விதைபோல விழுவது இந்த நோயில் மிக அரிது. தொலைவுக்குப் போகும்போது எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும்தான் போகிறது. மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் நரம்புகளைப் பிடித்ததும் கட்டியின் அளவுப்படியில் நான்காவது, அதாவது டி4. இதையும், உடலெங்கும் பரவிய நான்காம் நிலையையும் ஒன்றென்று எண்ணி மனமுடைந்துபோகும் குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இரண்டும் வேறு. டி4 நோயாளிகள் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை பெறுகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், முன்பே கண்டுபிடித்திருக்க முடியும் என்பதுதான் உண்மை. ஆனால் தவறியதற்கும் காரணம் இருக்கிறது. உலக அளவில் 2020-இல் இந்த நோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,33,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தென்சீனத்தையும் தென்கிழக்கு ஆசியாவையும் சேர்ந்தவர்கள். ஹாங்காங்கில் ஒரு காதடைப்போடு போனாலே இந்த நோயை நினைப்பார்கள். அங்கே அறிகுறியே இல்லாத ஏறக்குறைய 20,000 ஆண்களின் இரத்தத்தில் அந்த வைரஸின் மரபுப்பொருளைத் தேடிய ஆய்வு 2017-இல் வெளியானது. நோய் இருந்த 34 பேரைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலோர் தொடக்க நிலையில் இருந்தார்கள். இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் இது அதிகம். வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்கு வரும் வடகிழக்கு மாநிலத்தவரிடம் இதைப் பார்க்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு, அங்குள்ள சீனர்களோடு ஒப்பிட்டால் இது வருவது மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு பல் மருத்துவரோ கண் மருத்துவரோ தம் பணிக்காலம் முழுவதும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அரிதான நோய், அதிலும் அரிதான முகத்தோடு வந்தது. ஆனாலும் முதல் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்திருந்தால், இன்னொரு முறை காட்டுங்கள். தலையை நடுவில் பக்கவாட்டாக வெட்டியதுபோன்ற படத்தில், கீழ் ஓரத்தில் மூக்குத்தொண்டையும் கிளைவஸும் கட்டாயம் இருக்கும். பெரியவர்களின் கிளைவஸ் எலும்பின் மஜ்ஜையில் கொழுப்பு அதிகம் என்பதால் எம்.ஆர்.ஐ.யின் டி1 வகைப் படத்தில் வெளிர் நிறத்தில் தெரிய வேண்டும். அது சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. மூளையைத் தேடும் கண்ணுக்கு அந்த ஓரம் தப்பிவிடுவதுண்டு. கடந்ததைக் குற்றம்சாட்ட அல்ல, கட்டி எந்த வேகத்தில் வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஒப்பீடு உங்கள் மருத்துவருக்கு உதவும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அதை அங்குள்ள கதிர்வீச்சு மருத்துவர் உங்களுக்கு விளக்குவார். அறுவை சிகிச்சை இங்கே முதல் வழி அல்ல. ஏறக்குறைய ஏழு வாரங்கள் கதிர்வீச்சும் அதோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் அடிப்படை. மூளைத்தண்டும் பார்வை நரம்பும் தாங்கும் கதிர்வீச்சின் அளவு கட்டிக்குத் தேவையான அளவை விடக் குறைவு என்பதால், கட்டி அவற்றை ஒட்டியிருக்கும்போது முதலில் ஜெம்சிட்டபைன், சிஸ்பிளாட்டின் ஆகிய இரண்டையும் மூன்று சுற்றுக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிக்கொண்டு பிறகு கதிர்வீச்சுக்குப் போகிறார்கள். 2019-இல் சீனாவிலிருந்து வெளியான ஆய்வில், இப்படி முன்மருந்து பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85.3 விழுக்காடு, பெறாதவர்களில் 76.5 விழுக்காடு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியது. சர்க்கரை நோய் உள்ள உங்கள் தந்தையாருக்கு இந்த இரண்டையும் தொடங்கும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். செயலிழந்த நரம்புகள் பலருக்குச் சிகிச்சையின்போதே மீளத் தொடங்குகின்றன. செயலிழந்து நாளாக நாளாக மீளும் வாய்ப்பு குறைகிறது. அதுவரை இரட்டைப் பார்வைக்கு ஒரு கண்ணில் மறைப்பு ஒட்டிக்கொள்வது போதும். படிக்கட்டில் இறங்கும்போது யாராவது உடன் இருக்க வேண்டும். மரத்துப்போன பகுதி நெற்றிக்கும் கண்ணுக்கும் ஏறினால், தூசி விழுந்தாலும் உறுத்தாது, கருவிழியில் புண் வரலாம். கண் சிவந்தால் வலி இல்லையென்றாலும் அன்றே காட்டுங்கள்.

கடைசியாக, பிடுங்கிய அந்தப் பற்களைப் பற்றி ஒன்று. கதிர்வீச்சுக்குப் பிறகு உமிழ்நீர் குறைந்து பல் சொத்தையாகும், தாடை எலும்பும் எளிதில் ஆறாது. அப்போது பல் பிடுங்கினால் எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு. எனவே எடுக்க வேண்டிய பல் வேறு ஏதேனும் இருந்தால், கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்து, புண் ஆறியிருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த இடம் முழுமையாக மூடியிருக்கிறதா என்பதை இந்த வாரமே பல் மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும். மரத்துப்போன பக்கம் என்பதால் அங்கே புண் இருந்தாலும் உங்கள் தந்தையாருக்குத் தெரியாது.